நந்நான்கு பேர்

ஆங்கிலத்தில் 'குவாட்டர்னியன்' என்று ஒரு சொல் இருக்கிறது. நாலு சேர்ந்த ஒரு தொகுதி என்பது அதன் பொருள். நாலு மனிதர்களானாலும் சரி, நாலு தாள்களானாலும் சரி, நாலு தத்துவங்களானாலும் சரி. அகராதியில் இதற்கு இடம் உண்டே தவிர, பேச்சில் கிடையாது. எந்த இங்கிலீஷ்காரரும் கடைக்குப் போய், ஒரு குவாட்டர்னியன் ஆப்பிள் கொடு என்று கேட்பதில்லை. இரண்டுக்கு ஜோடி, பன்னிரண்டுக்கு டஜன், வெற்றிலைக்குக் கவுளி என்று வாழ்க்கைக்கு வேண்டிய தொகைப் பெயர்களெல்லாம் நாள்தோறும் கைமாறித் தேய்ந்துகொண்டிருக்கின்றன. இந்தச் சொல்லோ, பாட்டியின் பெட்டியில் கிடக்கும் பழைய நாணயத்தைப்போல எப்போதாவது ஒரு முறைதான் வெளியே வருகிறது.

தமிழில் நாலுக்குப் பஞ்சமில்லை. 'நாலு பேர் என்ன சொல்வார்கள்?' என்று கேட்காத வீடு உண்டா? அந்த நாலு பேர் யாரென்று கேட்டால்தான் ஒருவருக்கும் தெரியாது. அதற்கு நேர்மாறாக 'நால்வர்' என்றொரு சொல்லும் இருக்கிறது. சிவன் கோயில் பிராகாரத்தில் வரிசையாக நிற்கும் நால்வரையும் சின்னக் குழந்தைகூடப் பிரித்துச் சொல்லிவிடும். உழவாரப் படையோடு நிற்பவர் அப்பர். ஏட்டுச் சுவடியோடு நிற்பவர் மாணிக்கவாசகர். சேர்ந்தே நிற்கிறார்கள், ஆனாலும் ஒருவர் இன்னொருவருக்குள் கரைந்துபோய்விடவில்லை. நாலு பேரைச் சேர்த்துச் சொல்வதில் இப்படி இரண்டு வழிகள் இருக்கின்றன. குவாட்டர்னியன் என்ற சொல்லும் தன் நீண்ட ஆயுளில் இரண்டு வழியிலும் நடந்திருக்கிறது.

அதன் மூலம் லத்தீன். பழைய காலத்துப் புத்தகக் கலைஞர்கள் நாலு தாள்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி நடுவில் மடித்தார்கள். எட்டு ஏடுகள், 16 பக்கங்கள் கிடைத்தன. அந்த மடிப்புக்கு இந்தப் பெயர் வழங்கியது. அதே லத்தீன் குடும்பத்துச் சொல் ஒன்று பிரெஞ்சு நாட்டின் வழியாக இங்கிலாந்துக்குப் போய்க் 'குயர்' ஆயிற்று. பள்ளிக்கூடம் திறக்கிற நாளில் நம் ஊர்ப் பையன் "இரண்டு குயர் நோட்டு கொடுங்கள்" என்று கேட்கிறானே, அந்தக் குயர்தான்! இன்று குயர் என்றால் 24 அல்லது 25 தாள். நாலு என்ற கணக்கு எங்கேயோ உதிர்ந்துவிட்டது. கவி மில்டன் தமது பெருங்காவியத்தில் பூதங்கள் நான்கையும் சேர்த்து நினைக்கும்போது இச்சொல்லை எடுத்தாண்டிருக்கிறார். (அவர்களுக்குப் பூதங்கள் நாலுதான், நமக்கு ஆகாயமும் உண்டு.) அதே நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறி வாழ்ந்த ஆன் பிராட்ஸ்ட்ரீட் என்ற பெண்மணி நாலு நீண்ட கவிதைகள் எழுதினார். பூதங்கள் நாலு, உடலின் தாதுக்கள் நாலு, மனிதப் பருவங்கள் நாலு, ஆண்டின் பருவங்கள் நாலு. இவற்றையும் குவாட்டர்னியன்கள் என்றே இலக்கிய ஆசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். 1650ஆம் ஆண்டு லண்டனில் அச்சான அந்தப் புத்தகத்தில் நெருப்பும் நிலமும் நீரும் காற்றும், 'நான்தான் பெரியவள், நீயா பெரியவள்?' என்று சண்டை போடுகிற அழகு இருக்கிறதே, நாலு ஓர்ப்படிகள் ஒரே சமையலறையில் இருப்பதைப்போல் இருக்கும். நாலு கவிதை, கவிதைக்கு நாலு பாத்திரம், ஆக 16 பாத்திரங்கள். ஒவ்வொருவருக்கும் பேசத் தனி முறை உண்டு. இந்த 16 என்ற எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று இந்தச் சொல்லை உலகில் யாராவது தினமும் உச்சரிக்கிறார்கள் என்றால் அவர்கள் கணித நிபுணர்களும் எஞ்சினீயர்களுந்தான். அயர்லாந்தின் கணித மேதை சர் வில்லியம் ரோவன் ஹாமில்டன் பல வருஷங்களாக ஒரு புதிரோடு போராடிக்கொண்டிருந்தார். தட்டையான ஒரு பரப்பைக் கணக்கிட இரண்டிரண்டு எண்கள் போதும். நீளம், அகலம், உயரம் மூன்றும் உள்ள வெளிக்கு மும்மூன்று எண்கள் போதுமென்று நினைத்தார். கூட்ட முடிந்தது, கழிக்க முடிந்தது, பெருக்க முடியவில்லை. காலைச் சிற்றுண்டிக்கு அவர் வந்து உட்கார்ந்தால் பிள்ளைகள், பெருக்கல் வந்ததா அப்பா என்று கேட்பார்களாம். 1843 அக்டோபர் 16ஆம் தேதி மனைவியோடு ராயல் கால்வாய்க் கரை வழியாக டப்ளினுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். மூன்று போதாது, நாலு வேண்டும் என்று அப்போதுதான் மின்னல் அடித்தது. சட்டைப் பையிலிருந்த கத்தியை எடுத்து, ப்ரூம் பாலத்தின் கல்லிலேயே சூத்திரத்தைக் கீறிவிட்டார். அந்தக் கீறல் இன்று இல்லை. பிற்காலத்தில் வைத்த கல்வெட்டுத்தான் இருக்கிறது. அப்போது பக்கத்தில் நின்ற அந்த அம்மாள் என்ன நினைத்துக்கொண்டாள் என்பதைச் சரித்திரம் எழுதி வைக்கவில்லை.

ஹாமில்டன் தம் கண்டுபிடிப்புக்கு வைத்த பெயர்தான் குவாட்டர்னியன். விண்கலத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று கணக்கிடவும், கம்ப்யூட்டர் விளையாட்டில் வீரனைச் சுழல விடவும் இன்று அது பயன்படுகிறது. அந்த நாலு உறுப்புகளில் எதையும் எதற்கும் பதிலாக வைக்க முடியாது. முன்பின் மாற்றிப் பெருக்கினால் விடையும் மாறிவிடும். இது விந்தையாகத் தோன்றினால் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்து, முன்புறமாகக் கவிழ்த்துவிட்டுப் பிறகு பக்கவாட்டில் ஒரு திருப்புத் திருப்பிப் பாருங்கள். மறுபடி பழைய நிலையில் வைத்து, முதலில் திருப்பிவிட்டுப் பிறகு கவிழ்த்துப் பாருங்கள். புத்தகம் இரண்டு விதமாகக் கிடக்கும். கணிதத்தில் 'ஏதோ நாலு' என்ற பேச்சுக்கு இடமில்லை.

ஆனால் இச்சொல்லை நூற்றாண்டுகளாகச் சாகாமல் காப்பாற்றி வந்தது கவிதையும் அல்ல, கணிதமும் அல்ல. சில போர்ச் சேவகர்கள். 1611ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஆங்கில பைபிளில், அப்போஸ்தலர் நடபடிகள் பன்னிரண்டாம் அதிகாரத்தில் இந்தச் சொல் வருகிறது. பைபிளை ஓதி வளர்ந்த இங்கிலீஷ்காரர்களுக்குக் குவாட்டர்னியன் என்றால் அந்தக் காவலாளிகள்தான்.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். யூதேயாவை ஆண்ட ஏரோது அகிரிப்பா, இயேசுவின் சீடரான யாக்கோபை வாளுக்கு இரையாக்குகிறான். ஜனங்களுக்கு அது பிடித்திருக்கிறது என்று கண்டதும் பேதுருவையும் பிடித்துச் சிறையில் போடுகிறான். பண்டிகை முடிந்ததும் விசாரணை. அதுவரை காவல் காக்க நாலு குவாட்டர்னியன் வீரர்களை நியமிக்கிறான். நந்நான்கு பேர் கொண்ட நாலு பிரிவுகள். ஆக 16 பேர். ரோமர்கள் இரவை நாலு ஜாமமாகப் பிரித்தார்கள், ஜாமத்துக்கு ஒரு பிரிவு. தமிழ் பைபிளில் இதற்கு ஒற்றைச் சொல் கிடைக்காமல், வகுப்புக்கு இத்தனை பேர், இத்தனை வகுப்பு என்று விரித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். நல்லதுதான். விரித்து எழுதியதனால் 16 தலைகளும் கண்ணுக்குத் தெரிகின்றன.

விசாரணைக்கு முந்திய இரவு. இரண்டு சேவகர்களுக்கு நடுவில் இரண்டு சங்கிலிகளால் கட்டப்பட்டுப் பேதுரு உறங்குகிறார். வாசலில் காவல். தேவதூதன் வருகிறான், சிறையில் ஒளி பரவுகிறது, விலாவில் தட்டி எழுப்புகிறான். சங்கிலிகள் கழன்று விழுகின்றன. செருப்பைத் தொடுத்துக்கொள், மேல் வஸ்திரத்தைப் போர்த்திக்கொள் என்று தேவதூதன் ஒரு தாயைப்போல ஒவ்வொன்றாகச் சொல்கிறான். முதல் காவலைக் கடக்கிறார்கள். இரண்டாம் காவலைக் கடக்கிறார்கள். இரும்புக் கதவு தானே திறக்கிறது. நடப்பது நிஜமா கனவா என்று தெரியாமலே பேதுரு தெருவுக்கு வந்துவிடுகிறார். பிறகு நண்பர்கள் கூடியிருக்கும் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார். அங்கே ரோதை என்று ஒரு பணிப்பெண். குரலைக் கேட்டதும் சந்தோஷத்தில் கதவைத் திறக்க மறந்து உள்ளே ஓடிவிடுகிறாள்! பேதுரு வெளியே நின்று தட்டிக்கொண்டே இருக்கிறார். உள்ளே எல்லோரும் அவளைப் பைத்தியம் என்கிறார்கள். ஒரு நாவலாசிரியன் பொறாமைப்படக்கூடிய கட்டம் இது. வேலைக்காரப் பெண்ணின் பெயரைக்கூட விடாமல் குறித்து வைத்தவன் எப்பேர்ப்பட்ட கதாசிரியன்!

பொழுது விடிகிறது. சேவகர்களுக்குள்ளே கலக்கம். ஏரோது தேடச் சொல்கிறான், அகப்படவில்லை. காவலர்களை விசாரிக்கிறான்; அவர்களைக் கொல்லச் சொல்கிறான். செசரியாவுக்குப் புறப்பட்டுப் போகிறான். இவ்வளவும் இரண்டு வசனங்களில் முடிந்துவிடுகின்றன.

எத்தனை காவலர்கள் கொல்லப்பட்டார்கள்? அதைத்தான் சொல்லவில்லை. அந்த ஜாமத்துக்கு உரிய நாலு பேரா, பதினாறு பேருமா? கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல்லுக்கு 'கொண்டுபோகப்பட' என்பதுதான் நேர்ப்பொருள். கொலைக்களத்துக்கு என்று நாம் நிரப்பிக்கொள்கிறோம். உள்ளே வரும்போது நாலுநாலாக அவ்வளவு துல்லியமாய் எண்ணப்பட்டவர்கள், வெளியே போகும்போது எண்ணப்படவில்லை. என்னை உறுத்துவது இதுதான்.

மூன்று பதில்களை எதிர்பார்க்கிறேன். கொன்றவன் ஏரோது, பாவம் அவனைச் சேர்ந்தது, தப்பியவரையோ தப்புவித்தவரையோ குறை சொல்ல முடியுமா? முடியாதுதான். தெருவுக்கு வரும்வரை தாம் விழித்திருக்கிறோமா என்பதே பேதுருவுக்குத் தெரியாது. இரண்டாவது பதில் கொஞ்சம் கடுமையானது. அந்தச் சேவகர்கள் மட்டும் நிரபராதிகளா? கொடுங்கோலனின் கையில் சங்கிலியாக இருந்தவர்கள்தாமே! மறுநாள் உத்தரவு வந்திருந்தால் பேதுருவை வாளின் முன் கொண்டு நிறுத்தியிருப்பார்கள். இந்த வாதத்தை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். 'சொன்னதைச் செய்தேன்' என்பது எந்தக் காலத்திலும் முழுச் சமாதானமாகிவிடாது. ஆனால் அவர்கள் செய்திருக்கக்கூடிய அந்தக் குற்றத்துக்காக அவர்கள் சாகவில்லை. செய்யாத குற்றத்துக்காக, கைதியை விட்டுவிட்டார்கள் என்பதற்காகச் செத்தார்கள். ஒருவன் வேறொரு கணக்கில் கடனாளி என்பதற்காக இந்தக் கணக்கில் அவனைக் கழுவேற்றுவது நியாயமாகுமா?

மூன்றாவது பதில், அந்தக் காலத்துச் சட்டம் அப்படி என்பது. உண்மை. ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் சக்கரவர்த்தி தொகுத்த ரோமச் சட்டத்திலேயே, கைதியைத் தப்பவிட்ட காவலன் கைதிக்குரிய தண்டனையைத் தானே அனுபவிக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. இந்த விதியின் பயங்கரத்தை அதே நடபடிகள் புத்தகம் வேறு இரண்டு இடங்களில் காட்டுகிறது.

ஓரிடம் கடலில். பவுலைக் கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகும் கப்பல் மால்டாத் தீவின் அருகே உடைகிறது. எல்லோரும் நீந்திக் கரையேற வேண்டிய வேளையில் சேவகர்கள் என்ன யோசிக்கிறார்கள் தெரியுமா? கைதிகளைக் கொன்றுவிடலாம் என்று. அவர்கள் ராட்சதர்கள் அல்ல. ஒரு கைதி நீந்தித் தப்பினால் தங்கள் தலை போகும் என்று தெரிந்தவர்கள். அவர்கள் தலைவன்தான் தடுத்துவிடுகிறான். கப்பலில் இருந்தவர்கள் 276 பேர் என்று அங்கே தொகை கொடுத்திருக்கிறது. அத்தனை பேரும் கரை சேர்ந்தார்கள் என்றும் சொல்லியிருக்கிறது. எண்ணத் தெரியாத ஆசிரியர் அல்லர் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

இன்னோரிடம் பிலிப்பி நகரத்துச் சிறை. பவுலும் சீலாவும் அடிபட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டு உட்சிறையில் கிடக்கிறார்கள். நள்ளிரவில் பூமி அதிர்கிறது. கதவுகள் எல்லாம் திறக்கின்றன. எல்லோருடைய கட்டுகளும் கழல்கின்றன. சிறைக் காவலன் விழித்துப் பார்க்கிறான். கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று நினைத்துக் கத்தியை உருவித் தன்னையே குத்திக்கொள்ளப் போகிறான். அப்போது இருட்டுக்குள்ளிருந்து, உனக்கு ஒரு கெடுதியும் செய்துகொள்ளாதே, நாங்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம் என்ற பொருளில் பவுலின் குரல் வருகிறது. காவலன் விளக்கைக் கொண்டுவரச் சொல்லி, நடுங்கிக்கொண்டு உள்ளே ஓடுகிறான். அந்த இரவிலேயே அவர்களுடைய காயங்களைக் கழுவுகிறான். தன் வீட்டுக்கு அழைத்துப்போய் உணவு பரிமாறுகிறான்.

இரண்டு சிறைகளிலும் கதவு திறந்தது. ஒன்றில் வெளியே போனார்கள், மற்றொன்றில் போகவில்லை. பேதுருவைவிடப் பவுல் உயர்ந்தவர் என்று தராசு பிடிக்க நான் வரவில்லை. பிலிப்பியில் இருந்தவன் ஒற்றை மனிதன். அவனுக்கு வீடு இருந்தது, குடும்பம் இருந்தது, நடுக்கம் இருந்தது. கதவுக்கு அப்பால் ஒருவன் கத்தியை உருவுகிறான் என்பது பவுலுக்குத் தெரிந்தது. எருசலேமில் இருந்தவர்கள் ஒரு தொகுதி. தொகுதி கத்தியை உருவுமா, தொகுதிக்குக் குடும்பம் இருக்குமா? நாலு குவாட்டர்னியன் என்று சொன்ன வாயால் அந்தக் கேள்வியைக் கேட்பது கஷ்டம்.

கதை எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு தொழில் சங்கடம் உண்டு. எல்லோருக்கும் பெயர் வைத்துக்கொண்டிருந்தால் எந்தக் கதையும் நகராது. கோட்டை வாசலைக் கதாநாயகன் குதிரையில் கடக்க வேண்டுமானால் வாசலில் நாலு காவலர்கள் விழத்தான் வேண்டும். நம்முடைய சரித்திர நாவல்களில் இப்படி விழுந்தவர்களைக் கணக்கெடுத்தால் ஒரு தாலுகாவுக்குக் குடி வைக்கலாம்! வாசகர்கள் குதிரையின் பின்னால் போய்விடுகிறார்கள், போகத்தான் வேண்டும். ஆகவே லூக்கா ஒவ்வொரு சேவகனுக்கும் பெயரும் ஊரும் கொடுத்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தொகையை மட்டுமாவது கொடுத்திருக்கலாம். நாலா, பதினாறா என்ற ஒரு வார்த்தை. கதையின் வேகத்தை அது ஒரு கணங்கூடத் தடுத்திருக்காது.

பழங்கதைக்காக இவ்வளவு கவலையா என்று கேட்கலாம். நூறு வருஷம்கூட ஆகாத ஒரு கதை இருக்கிறது; அதில் இறந்தவர்களில் நம்மவர்களும் உண்டு. 1942லும் 1943லும் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டையும் மலையையும் வெட்டி 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். சயாம் மரண ரயில் என்று தமிழில் பெயர் பெற்றது அதுதான். பிடிபட்ட நேச நாட்டுச் சிப்பாய்களையும் வேலை வாங்கினார்கள். மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழர்களையும், மற்றும் பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர் என்று பெருங்கூட்டமாய்த் தொழிலாளிகளையும் கொண்டுபோனார்கள். காய்ச்சலும் காலராவும் பட்டினியும் இரு சாராரையும் கொன்றன. காஞ்சனபுரியில் இன்று ஒரு போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் அங்கே வரிசை வரிசையாக அடக்கமாகியிருக்கிறார்கள். பெரும்பாலான கற்களில் பெயர் உண்டு. பக்கத்துக் காட்டில் அதே பாதையில் மாண்ட தோட்டத் தொழிலாளிகளுக்குப் பெயர் இல்லை என்பது மட்டுமல்ல, தொகையே இல்லை. சரித்திர ஆசிரியர்கள் கொடுக்கும் மதிப்பீடுகளுக்குள் பல்லாயிரக்கணக்கில் வித்தியாசம் இருக்கிறது. தோட்டத்தில் ஆள் சேர்த்தபோது தலையை எண்ணாமல் யாரும் ரயிலேற்றியிருக்க மாட்டார்கள். எண்ணி ஏற்றினார்கள். திரும்பி வராதபோது எண்ணுவதற்கு ஆள் இல்லை. பல தோட்டங்களில் குடும்பங்கள் மட்டும் காத்துக்கொண்டிருந்தன.

இந்த நூற்றாண்டு ஆங்கில பைபிள்கள் பலவற்றில் குவாட்டர்னியன் என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். நாலு பேர் கொண்ட படைப் பிரிவு என்று எல்லோருக்கும் புரியும்படி போட்டிருக்கிறார்கள். பேதுருவைக் கட்டியதாகச் சொல்லப்படும் சங்கிலிகள் ரோமாபுரியில் அதற்கென்றே ஏற்பட்ட கோயிலில் பத்திரமாக இருக்கின்றன. ஏரோது அகிரிப்பா கி.பி. 44இல் செசரியாவில் வயிற்றுவலியால் துடித்துச் செத்ததை யூத சரித்திராசிரியர் ஜோசிபஸ் நாள் கணக்கோடு எழுதி வைத்திருக்கிறார்.

காவலர்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் வாட்டிகன் அரண்மனைக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒரு சுவரில் ரஃபேல் 1514இல் இந்த விடுதலையை வரைந்திருக்கிறார். எழுத்தாளனைப்போல 'நாலு குவாட்டர்னியன்' என்று ஒரு வார்த்தையில் கடந்து போய்விட ஓவியனால் முடியாது. ஒவ்வொரு சேவகனுக்கும் ஒரு முதுகு வேண்டும், ஒரு முழங்கால் வேண்டும், உறங்குவதற்கு ஒரு சாய்மானம் வேண்டும். நடுவில் கம்பிகளுக்குப் பின்னால் தேவதூதனின் ஒளி. வலப்புறம் பேதுரு வெளியே நடந்துகொண்டிருக்கிறார். படிக்கட்டில் இரண்டு பேர் தூங்குகிறார்கள். இடப்புறத்துப் படிக்கட்டில், மேகத்தினிடையே தெரியும் நிலவின் கீழே, ஒருவன் மட்டும் ஏதோ வெளிச்சத்தைக் கண்டுவிட்டான். மேலே கையைக் காட்டித் தோழனை எழுப்புகிறான். தோழனுக்கு இன்னும் தூக்கம் கலையவில்லை.